கடைசி ஆளுக்கு முதல் சீட்டு

தேர்தல் வேலை முடிந்து அலுத்துப்போய் வீடு திரும்பியிருக்கும் என் பிள்ளைக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, வைத்தேன். "இன்னாம்மா நீ, வீட்லயே குந்தினு ஓட்டு போட வழி குடுத்தாங்க இல்ல? அத்த வேணாம்னுட்டு நாள் பூரா மண்ணுல குந்தினு ஊரையே பேஜார் பண்ணிக்கிற. எங்க ஸ்டாஃப் ரூம்ல அந்த வீடியோவ ஒவ்வொருத்தரா பாக்கறாங்க, எனக்கு எப்டி இருக்கும்?" என்று கேட்டாய். அந்தக் கடைசி வார்த்தையில்தான் வைத்தேன். உனக்கு எப்படி இருக்கும் என்று சொன்னாயே தவிர, எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். கேட்காததால் இப்போது உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. முழுவதையும் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு "படிச்சேம்மா" என்று சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று தோன்றும். தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் போயிற்று. ரப்பர் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் நகர்வேன். தூரம் என்றால் கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி. இது ஊருக்கே தெரியும். ஆனால் நம் உப்புத்தண்ணீர் ஏரிக்குள் இறங்கிவிட்டால் என் கதையே வேறு. அங்கே எல்லாப் பெண்களும் குனிந்து, தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். பறியை, அதுதான் அந்த ஓலைக் கூடையை, வாயில் கவ்விக்கொண்டு எல்லோரும் என் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். ஒருத்தியும் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொன்னதில்லை. "ஏய், நீயே எல்லாத்தையும் வாரிக்கினா நாங்க இன்னா பண்றது? அப்பால போ" என்றுதான் விரட்டுவார்கள். அந்த இறாலில்தான் நீ பொன்னேரிக்கு பஸ் ஏறிப் படித்தாய், வாத்தியார் ஆனாய். சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. என்னால் முடியாதது ஒன்று, என்னால் முடியாதபடி செய்து வைத்திருப்பது இன்னொன்று. இரண்டும் வேறு என்று எனக்கு ஏரியில்தான் தெரிந்தது.

இப்போது நம் குப்பத்துப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார். நீ படித்த, ஓடு வேய்ந்த கட்டடம் இல்லை. அதை இடித்துவிட்டுக் கட்டினார்களே, அது. புயலும் வெள்ளமும் வந்தால் ஊரே ஏறி நிற்க வேண்டும் என்று தரையிலிருந்து இடுப்புயரத்துக்குத் தளம் எழுப்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு படியும் வீட்டுப் படி இரண்டைச் சேர்த்த உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. வெள்ளம் வந்தால் ஓட முடியாதவள் நான், முதலில் ஏற வேண்டியவளும் நான், ஏற வழியில்லாதவளும் நான். கட்டும்போதே உன் சித்தப்பாவிடம் இதைக் கேட்டேன். "இன்னா அண்ணி, நாங்க இல்லயா? தூக்கிக்கினு போவ மாட்டமா?" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு புயலுக்கும் தூக்கிக்கொண்டுதான் போனான். புயலுக்குத் தூக்குவது சரி, நானும் வாயை மூடிக்கொண்டு தூக்கவிட்டேன். ஆனால் நமக்கு வாக்குச்சாவடியும் அந்தக் கட்டடத்தில்தான்.

முன்பெல்லாம் முதல் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறிவிடுவேன். படியைக் கவனிப்பதா, புடவை எங்கே விலகுகிறது என்று கவனிப்பதா என்றிருக்கும். வரிசையில் நிற்கிற ஆண்களில் சிலர் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள், சிலருக்கு அந்த மரியாதையும் தெரியாது. போகட்டும், ஏறிவிடுவேன் இல்லையா? இப்போது வலது தோள் போய்விட்டது. எனக்கும் வயதாகிறதடா. தோள் போன பிறகுதான் தூக்குகிறவர்கள் கையில் விழுந்தேன்.

யார் தூக்குவார்கள் என்று நினைக்கிறாய்? கட்சிக்காரர்கள்தான். விடிந்ததும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து நிற்பார்கள். ஒருவன் முந்திக்கொண்டால் மற்றவன் முகம் சுருங்கிவிடும். முந்தியவன் ஒரு பக்கம், அவன் மச்சான் இன்னொரு பக்கம் பிடித்து, மேலே ஏற்றி இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டே என் காதருகில் "மறந்துடாதக்கா" என்பான். உள்ளே அந்த மெஷின் மேசை நிற்கிறவர்கள் உயரத்துக்கு இருக்கும், எனக்கு எட்டாது. அதனால் துணைக்கு ஓர் ஆள் என்னைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கிறவனுக்குக் கண் இல்லையா என்ன? என் விரல் எங்கே போகிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஊரில் எல்லோருடைய ஓட்டும் ரகசியம், என்னுடையது மட்டும் டீக்கடைப் பேச்சு.

இப்போது உன்னிடம் வருகிறேன், கோபப்படாதே. போன தேர்தலின்போது உனக்கு இந்த வாத்தியார் வேலை கிடைத்திருக்கவில்லை. ஓட்டுப் போடுவதற்காகவே சென்னையிலிருந்து வந்தாய். "எவனும் எங்கம்மாவத் தொட வேணாம், நான் கீறேன்" என்று கட்சிக்காரர்களை வாசலிலேயே விரட்டிவிட்டாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? முதுகில் சுமந்துகொண்டு படியேறினாய். மெஷின் முன்னால் தூக்கிப் பிடித்தாய். நான் விரலை நீட்டினேன். அப்போது நீ மெதுவாக, "அது இல்லம்மா, அதுக்குக் கீழ" என்றாய்.

உனக்கு இது ஞாபகமே இருக்காது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் சொன்னது யார் மனதிலும் தங்காது. நான் கீழேயே அழுத்தினேன். உன் கை வலிக்குமே என்று நினைத்தேன், பெற்ற பிள்ளையோடு அங்கே என்ன தகராறு என்று நினைத்தேன். சத்தம் வந்தது, அவ்வளவுதான், முடிந்தது. வெளியே வந்து உன் சித்தப்பாவிடம், "எங்க வூட்டு ஓட்டு எல்லாம் ஒரே பக்கம்தான்" என்று சொல்லிச் சிரித்தாய். அன்று மத்தியானம் உனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்துப் போட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இனி எவன் முதுகிலும் ஏறி ஓட்டுப் போட மாட்டேன் என்று குழம்பு கொதிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அது என் பிள்ளை முதுகானாலும் சரி.

அதனால்தான் வீட்டு ஓட்டையும் வேண்டாம் என்றேன். வாக்காளர் பட்டியல் வேலை பார்க்கிற அங்கன்வாடி டீச்சர் அதற்கான பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தபோது, நீ அவளிடம் முன்பே போனில் பேசிவைத்திருந்தாய் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நன்றாக இருக்கிறதடா, என் ஓட்டுக்கு நீ ஏற்பாடு! பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறாரே தெருக்கோடிப் பெரியவர், அவருக்கு அது பெரிய உதவி, அவர் அப்படித்தான் போட்டார். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நான் படுத்திருக்கவில்லையே. விடிந்தால் ஏரிக்குப் போகிறேன், வந்து இறாலை விற்கிறேன். நம் வீடோ ஒரே அறை. எத்தனை அட்டை வைத்து மறைத்தாலும் வாசலில் உன் சித்தப்பா நிற்பான், ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரி நிற்பாள். அதையும் விடு. ஊரே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்கிற நாளில் நான் மட்டும் எதற்கு வீட்டுக்குள் கிடக்க வேண்டும்? "வேணாம் டீச்சர், நான் ஸ்கூலுக்கே வரேன்" என்றேன். "அப்புறம் வூட்ல போடறேன்னு மாத்திக் கேக்க முடியாதுக்கா" என்றாள். மாற்ற வேண்டாம் என்றேன். உன் நைனா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. படியேற முடியாவிட்டால் இந்தத் தடவை எனக்கு ஓட்டே கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

பிறகு ஒருநாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். படியைப் பார்த்தார், வண்டியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார், "இங்க சாய்தளம் கண்டிப்பா இருக்கணுமே" என்றார். சிமெண்டில் போட நாளில்லை, மரத்திலாவது போட்டுவிடுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, திருப்பாலைவனம் பக்கம் அவருக்கு இன்னும் சாவடிகள் இருந்ததால் கிளம்பிவிட்டார். உன் சித்தப்பா வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டான். எப்படிச் செய்கிறார்கள் என்று நான் பார்க்கப் போனால், "நீ எலெக்சன் அன்னிக்கு வந்து பாரு அண்ணி, அசந்துடுவ" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

அசந்துதான் போனேன். அன்று காலையில் நீ எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். படிக்குப் பக்கத்தில் பழைய படகுப் பலகைகளை இணைத்து ஒரு சரிவு வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் பிறந்ததிலிருந்து எந்தச் சரிவைக் கட்டியிருக்கிறார்கள்? படகைக் கரைக்கு இழுக்கிற சரிவுதானே? அதையே கட்டியிருந்தார்கள். சுவரில் சாய்த்த ஏணி மாதிரி நின்றது. மேலே தூணில் பெரிய கயிறு. இழுப்பதற்கு ஏழெட்டுப் பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தயார். பலகைக்கு மஞ்சள் குங்குமம் வேறு. அதுகூடப் போகட்டும். படகு வழுக்கிக்கொண்டு போகக் கட்டைக்கு மீன் எண்ணெய் தடவுவார்களே, பழக்க தோஷத்தில் அதையும் தடவி வைத்திருந்தார்கள்! மனுஷி ஏறுகிற பலகைக்கு எண்ணெய்! இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல். எனக்காக வந்திருந்த சக்கர நாற்காலி பளபளவென்று நின்றது, எங்கே என்கிறாய், படிக்கு மேலே, வராந்தாவில்.

"அப்டியே வண்டில குந்து அண்ணி. கயித்தக் கட்டி ஒரே மூச்சுல மேல ஏத்திட்றோம்" என்றான் உன் சித்தப்பா. முகமெல்லாம் சிரிப்பு.

"நான் இன்னா உன் படகா, இழுத்துப் போட?"

"இன்னா அண்ணி இப்டிக் கேக்கற? ரெண்டு நாளா தொழிலுக்குக்கூடப் போவாம உனக்கோசரம் செஞ்சோம்."

"எனக்கோசரம் செஞ்ச, சரி. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? எப்டி வந்தா உனக்கு வசதின்னு ஒரு வார்த்த?"

இருந்தாலும் முயன்று பார்க்காமல் குறை சொன்னாள் என்ற பேர் வரக்கூடாது என்று, செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு அந்தப் பலகையில் ஏறினேன். பாதி போனேனோ இல்லையோ, எண்ணெயில் கை வழுக்கிக் கீழே வந்து விழுந்தேன். தாடை சிராய்த்து, பச்சைப் புடவை முழுக்க எண்ணெயும் மண்ணும். யாரோ சிரித்தார்கள். சித்தப்பா ஓடி வந்து தூக்கக் கையை நீட்டினான். "தொடாத" என்றேன். நீ பார்த்த வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. மதிலுக்கு வெளியே நின்று எவனோ எடுத்திருக்கிறான்.

உள்ளேயிருந்து சாவடித் தலைமை அதிகாரி இறங்கி வந்தாள். உன் வயதுதான் இருக்கும், எந்த ஊர் டீச்சரோ, நல்ல பெண். கீழே குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து பேசினாள். "நாலு பேர் நாற்காலியில தூக்கிட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "மெஷினக் கீழ கொண்டு வர எனக்கு அதிகாரம் இல்லையேம்மா" என்றாள். "மெஷின் அங்கயே இருக்கட்டும்மா. வழிதான் கீழ வரணும்" என்றேன். எப்படிப்பட்ட வழி என்று சித்தப்பாவிடமும் சொன்னேன். நான் ஏரிக்குப் படகுத்துறையில் இறங்குவதில்லை, கொஞ்சம் தள்ளி, கரை மெதுவாகச் சரிந்து போகிற இடத்தில் இறங்குவேன். அது அவனுக்கும் தெரியும். அந்தக் கரை மாதிரி நீளமாக, தாழ்வாக வேண்டும் என்றேன்.

"அத்தினி நீளத்துக்கு எங்க எடம் கீது? நடுவுல என் போட்டு நிக்குதே" என்றான். நின்றதுதான். பள்ளிக்கூட மைதானத்திலேயே வைத்து நீலமும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்த புதுப் படகு. அவன் கனவு, அவன் கடன், எல்லாம் அதுதான். பூஜை போட்டாயிற்று, நல்ல நாள் பார்த்து நேராகத் தண்ணீருக்குத்தான் நகர வேண்டும், நடுவில் வேறு எதற்கும் அசைக்கக்கூடாது என்பது அவன் நம்பிக்கை. "அத்த நகத்த மாட்டேன் அண்ணி" என்றான். "அப்ப நானும் நகர மாட்டேன்" என்று அந்தப் படகின் நிழலிலேயே போய் உட்கார்ந்தேன்.

நான் யார் வழியையும் மறிக்கவில்லை. இதை உன் ஸ்டாஃப் ரூமில் சொல். வரிசையில் வந்தவர்களையெல்லாம் போங்கள், போய்ப் போடுங்கள் என்றேன். கட்சிக்காரன் ஒருவன் நாற்காலியோடு வந்தான், விரட்டினேன். இன்னொரு கட்சிக்காரன் தோளைக் காட்டிக்கொண்டு வந்தான், அவனையும் விரட்டினேன். அலும்பு பண்ணுது, திமிரு என்று சிலர் காதில் விழும்படி பேசிவிட்டுப் போனார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் நான் இத்தனை நாள் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். நிறைமாதப் பெண் ஒருத்தி அந்தப் படியில் கை ஊன்றி ஏறினாள். கண் தெரியாத பெரியவர் அடுத்த படி எங்கே என்று காலால் துழாவினார். முட்டி வலிக்காரர்கள் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டார்கள். இது என் ஒருத்தி பிரச்சினை என்று நினைத்துக் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. உன் நைனா மத்தியானம் தூக்குவாளியில் கூழ் கொண்டு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து குடையைப் பிடித்துக்கொண்டார்.

உனக்கு இப்போது ஒன்று சொல்லட்டுமா? எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தவனே நீதான். தேர்தல் பயிற்சி வகுப்பு முடிந்து வந்து போனில் பெருமையாகச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ஆறு மணிக்கு யாரெல்லாம் வரிசையில் இருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் நம்பர் போட்ட சீட்டு கொடுப்போம், இடையில் யாரும் நுழையக்கூடாது என்பதால் கடைசி ஆளிடமிருந்து ஆரம்பிப்போம், சீட்டு வைத்திருக்கிறவர்கள் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை எவ்வளவு நேரமானாலும் மெஷினை மூட முடியாது என்றாய். நான் "உம்" கொட்டிக்கொண்டே மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்தாயா?

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து போய் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டேன். அந்த அதிகாரிப் பெண் சீட்டுகளோடு இறங்கி வந்தாள். "கடைசி யாரு?" என்றாள். "நான்தாம்மா" என்றேன். கையெழுத்துப் போட்டு என் கையில் முதல் நம்பரைக் கொடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "இது கையில கீற வரைக்கும் பொட்டிய மூட மாட்டீங்க இல்ல?" என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூட முடியாதும்மா" என்றாள். "எவ்ளோ நேரமானாலும்?" "எவ்ளோ நேரமானாலும்."

எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் மட்டும் பாக்கி. மெஷினை ஏற்றிப்போக வண்டி வந்து வாசலில் நின்றது. காலையிலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்த ஏஜெண்டுகளுக்குப் பசி. இத்தனை நாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கட்சிக்காரர்கள் எல்லாம் ஒரே குரலில், "யோவ், அந்தப் போட்ட நகத்துய்யா" என்று உன் சித்தப்பாமேல் பாய்ந்தார்கள். "ஊர் மானத்த வாங்கறியே அண்ணி" என்று அவன் என்மேல் பாய்ந்தான். "மானம் படிக்கு மேல கீது, வழி உட்டா நானே போய் எட்த்துக்கினு வரேன்" என்றேன்.

அப்போதுதான் உன் நைனா எழுந்தார். தம்பி பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மனுஷன், உனக்குத் தெரியுமே. வெயில் போன பிறகும் பிடித்திருந்த குடையை மடக்கி என் மடியில் வைத்தார். வராந்தாவுக்கு ஏறி, தூணில் கட்டியிருந்த அந்தக் கயிற்றை அவிழ்த்தார். கொண்டு வந்து படகின் மூக்கில் கட்டினார். மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி, வா. ஒரு கை புடி" என்றார். அவ்வளவுதான் பேசினார். உன் சித்தப்பா அசையாமல் நின்றான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன், ஆனால் போதும், விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான். என்னை இழுக்கக் காத்திருந்த அந்த ஏழெட்டுப் பேரும் சேர்ந்து இழுத்தார்கள். படகு ஓரமாகப் போய் நின்றது.

பிறகு பார்க்க வேண்டுமே வேகத்தை! பலகைகளைக் கழற்றி நீளவாட்டில் போட்டார்கள். அடியில் மணல் மூட்டை முட்டுக் கொடுத்தார்கள். எண்ணெய் போக மணலைப் போட்டுத் தேய்த்து, கை வழுக்காமலிருக்க மேலே பழைய வலையை விரித்து ஆணி அடித்தார்கள். நடுவில் உன் சித்தப்பா என்னிடம் வந்து குந்தினான். "அண்ணி, நீ சொல்லு. இந்தச் சாய்வு போதுமா, இன்னும் இறக்கணுமா?" என்றான். அவன் என்னைத் தூக்கியிருக்கிறான், சுமந்திருக்கிறான், எனக்காக அடிதடிக்குப் போயிருக்கிறான். ஆனால் என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். இன்னும் கொஞ்சம் இறக்கு என்றேன். இறக்கினான்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன். அவன் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தான். "கையக் கீழ போடு" என்றேன், பின்னால் கட்டிக்கொண்டான். கையால் நடப்பது எனக்கு அவமானம் இல்லை, அது என் நடை. தோள் வலித்தது, நின்று நின்று போனேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. மேலே போய்ச் சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன், நானே தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மை வைக்க, கையிலிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு விரலை நீட்டினேன். மறைப்புக்குப் பின்னால் போனேன். மெஷின் எனக்கு எட்டியது. என்னைப் பிடித்துக்கொண்டிருக்க யாரும் இல்லை, காதருகில் யார் மூச்சும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாக மற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, யாருக்கு என்று நானே யோசித்து, அழுத்தினேன்.

அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வரும், உனக்கு மறுபடியும் வேலை போடுவார்கள். உனக்கு நான் சொல்வது இதுதான். முந்தின நாள் சாவடிக்குப் போனதும் மேசை நாற்காலியை நகர்த்தத் தொடங்காதே. முதலில் படிக்குக் கீழே போய் மண்ணில் உட்கார்ந்து மேலே பார். பேண்ட் அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியைக் கீழே கொண்டு வந்து வை. என்னைப் போல ஒருத்தி வந்தால், "யாராவது தூக்குங்கப்பா" என்று சுற்றி நிற்கிறவர்களைக் கூப்பிடாதே, குனிந்து அவளிடமே கேள், எப்படி வர வசதி என்று. தூக்கத்தான் வேண்டும் என்று அவள் சொன்னால் சரி, யார் தூக்குவது என்பதும் அவள் இஷ்டம். அன்பாக இருக்கிறோம் என்பதற்காகக் கேட்காமல் எதையும் செய்துவிடாதே. அன்பு இருக்கிறவர்களிடம்தான் எனக்கு வாய் திறக்க முடியாமல் போயிற்று. உன் சித்தப்பா மறுநாளே என்னோடு பேசிவிட்டான், படகும் நல்ல நாளில் தண்ணீரில் இறங்கப் போகிறது, வா. அந்தப் பலகையை எடுக்கக்கூடாது, சிமெண்டில் நிரந்தரமாகக் கட்டும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எடுத்தால் மறுபடி உட்காருவேன், ஊருக்கும் அது தெரியும். உன் ஸ்டாஃப் ரூமில் மண்ணில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டால், எங்கம்மா என்று நிமிர்ந்து சொல்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா யாருக்குப் போட்டேன் என்று கேட்டுக்கொண்டே வந்தான். உன் நைனாவும் சாப்பிடும்போது ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். இதைப் படித்து முடித்ததும் உனக்கும் கேட்கத் தோன்றும். போன தடவை நான் யாருக்குப் போட்டேன் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்காதே, சொல்ல மாட்டேன்.

உன் அம்மா